கருங்கால்மேட்டுத் தோப்பி

செத்தவர்கள் வாயைப் பார்த்து வயது சொல்வதில் வடிவாம்பாளை அடித்துக்கொள்ளத் தென்மாவட்டங்களில் ஆள் கிடையாது. எலும்பெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போன முதுமக்கள் தாழியில்கூட நாலு பல் கிடந்தால் அவளுக்குப் போதும். என்ன தின்றார்கள், எத்தனை பஞ்சம் பார்த்தார்கள், எந்த வயதில் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவாள். அகழாய்வில் கூட வேலை பார்த்தவர்கள் "பல்லு ஜோசியம்" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். உள்ளூர அதில் பெருமைதான். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்தத் தலைக்கனம் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

கருங்கால்மேட்டில் தோண்டியபோது ஒரே வரிசையில் முப்பத்தொரு தாழிகள் கிடைத்தன. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியவை. முப்பத்தொன்றிலும் பெண்கள். ஒவ்வொருத்தி கூடவும் ஒரு பெரிய கறுப்புப் பானை. பானை கிடைத்தால் பிரஷ் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பதுதான் அகழாய்வுக் குழியில் வழக்கம். அந்த வாரம் பார்த்துத் தண்ணீர் லாரி நாலு நாள் வரவில்லை. கழுவாமல் கிடந்த பானைகளின் அடியில் ஒட்டியிருந்த வண்டலை யாரோ சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சாமை இருந்தது, ஈஸ்ட் இருந்தது, அதோடு மனித எச்சிலும் இருந்தது. எந்தத் தாழியில் எவள் கிடந்தாளோ, அந்தப் பானையில் அவள் எச்சில். ஆக, அவித்த சாமையை வாயில் போட்டு மென்று, பானையில் துப்பி, புளிக்கவைத்துக் கள்ளாக்கியிருக்கிறார்கள். தானியத்தில் செய்கிற கள்ளுக்கு அந்தக் காலத்தில் தோப்பி என்று ஒரு பெயர் உண்டு. மென்றவள் செத்தால் அவள் பானையையும் அவளோடு சேர்த்துப் புதைப்பது அந்த ஊர் முறை போலிருக்கிறது.

முப்பத்தொரு தாடையும் வடிவிடம் வந்தன. கடைவாய்ப் பற்கள் அம்மிக்கல் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தன. தாடை எலும்பில் பொடிப்பொடியாகத் துவாரங்கள். ஞானப்பல் ஒருத்திக்கும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு தேய்மானத்துக்கு அறுபது வருஷமாவது மென்றிருக்க வேண்டும். துவாரம் என்றால் வயதான எலும்பு. ஞானப்பல் எப்போதோ விழுந்து ஈறு மூடிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கலாமா என்று உதவியாளர் கேட்டபோது, "கண்ணுல அறையுற மாதிரி இருக்கு, அதுக்குப் படம் வேற எதுக்கு?" என்றாள். அறுபத்தைந்திலிருந்து எழுபது வயது, நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து, ஊரார் மதித்துப் புதைத்த மூதாட்டிகள் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வண்டலில் தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட்டை ஒரு கம்பெனி எழுப்பியது. அதில் செய்த தோப்பியைக் குடித்த கிழட்டு எலிகள் மறந்துபோன வழியெல்லாம் ஞாபகம் வந்து ஓடின. பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒரு கலயம் குடித்தால் நினைவு நிற்கும், நிறுத்தினால் ஓடிவிடும். உலகமே கருங்கால்மேட்டைத் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கம்பெனித் தொழிற்சாலையின் தலைவர் குற்றாலநாதன் ஒருநாள் வடிவைத் தேடி வந்தார். மெல்லுகிற பெண்களின் வாயை மாசம் ஒருமுறை பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். நயமான மனிதர். சட்டைக் காலரில்கூட ஒரு மடிப்புக் கலையாது.

"மெல்லுகிற பெண்களா?" என்று வடிவு கேட்டாள். "எச்சில்ல இருக்கிற நொதியை மெஷின்ல செய்ய முடியாதா சார்?"

"பதினேழு விதமா செஞ்சு பாத்துட்டோம் மேடம். அது எழுந்திருக்கவே மாட்டேங்குது. அந்த ஈஸ்ட் மனுஷ வாயில குடியிருந்தாத்தான் வேலை செய்யும். அதுவும் எல்லா வாயிலயும் இல்லை. சுத்துப்பட்டு ஊர் பூரா எச்சில் எடுத்தோம். மேட்டுக்குக் கீழ இருக்கிற காலனியில மட்டும்தான் பிடிக்குது. அங்கேயும் கல்யாணம் ஆகாத பிள்ளைகள்கிட்ட மட்டும். மொதப் பிரசவம் ஆயிட்டுன்னா வாய் மாறிப்போகுது. பதினோரு பேர் கிடைச்சிருக்காங்க. எல்லாரும் பதினெட்டு முடிஞ்சவங்க, சட்டப்படிதான்."

அந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒன்றும் வராதே என்று அவள் கேட்டாள். குற்றாலநாதன் சிரித்தார்.

"நீங்களே எழுதியிருக்கீங்களே மேடம், எழுபது வயசு வரைக்கும் மென்னுட்டு நல்லா இருந்தாங்கன்னு. அரசாங்க அனுமதியே உங்க அறிக்கையை வச்சுத்தான் கிடைச்சது."

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். பிரசவம் ஆகாத இளசுகள் வாயில்தான் இது பிடிக்கும் என்றால், அந்தக் காலத்தில் மட்டும் எழுபது வயதுக் கிழவிகள் எப்படி மென்றார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். வடிவுக்கும் அந்தக் கேள்வி நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் குற்றாலநாதன் அதற்குள் அடுத்த பேச்சை எடுத்துவிட்டார். ஆலோசகர் வீட்டுக்கு வாரம் ஒரு கலயம் தானாக வந்துவிடும் என்றார். சாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன் என்றும் சொன்னார். கேள்வி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

சார் என்றது பூதலிங்கத்தை. வடிவின் புருஷன். பாளையங்கோட்டையில் வக்கீல். பீடி சுற்றுகிற பெண்களுக்கு நெஞ்சு கெட்டுப்போனால், முதலாளிமாரை நீதிமன்றத்துக்கு இழுத்து உண்டு இல்லை என்று ஆக்குகிற ஆள். அவர் குறுக்கு விசாரணையைப் பார்க்கவே ஜூனியர்கள் வந்து பின்னால் நிற்பார்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஒருநாள் வாதத்தின் நடுவே நிறுத்தி, "இது யாருடைய வழக்கு?" என்று நீதிபதியிடமே கேட்டுவிட்டார். அன்றைக்குச் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் சட்டைப் பொத்தான் போட மறந்தார். அடுத்த வருஷம் வடிவைப் பார்த்து, "யாரும்மா நீங்க? வீட்டுக்காரங்க வெளிய போயிருக்காங்களே" என்று மரியாதையாகச் சொன்னார். வடிவு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தோப்பி வந்த ஐந்தாவது வாரம் காலையில் இட்லி தின்றுகொண்டிருந்தவர் தலைநிமிர்ந்து, "வடிவு, சட்னியில உப்பு இல்லையே" என்றார். அவள் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. மூன்று மாதத்தில் பழைய தீர்ப்பெல்லாம் வருஷம் தேதியோடு சொன்னார். தன் சந்தோஷத்தை வடிவு யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை, கண் பட்டுவிடுமோ என்று பயம்.

தோப்பிக் கலயத்தில் என்ன எழுதியிருக்கும் என்கிறீர்கள்? "இயற்கை நொதி" என்று எழுதியிருக்கும். காலனிக்காரர் வந்தால் தனித் தம்ளர் எடுத்து வைக்கிற பெரிய வீடுகள் எத்தனை! அந்த வீட்டுப் பெரியவர்கள் எல்லாம், அதே காலனிப் பிள்ளைகள் மென்று துப்பினதை, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து குடித்தார்கள். சொல்லியிருந்தால் குடலே வெளியே வந்திருக்கும். கம்பெனி சொல்லவில்லை. வடிவும் சொல்லவில்லை. அதில் அவளுக்கு ஒரு அற்பத் திருப்திகூட இருந்தது.

தொழிற்சாலைக்காரர்கள் அந்த இடத்துக்கு நொதிக்கூடம் என்று பலகை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதை மெல்லுகூடம் என்றார்கள். பதினோரு நாற்காலி, பதினோரு பானை. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை மெல்லுவார்கள். மெல்லுகிறபோது பேச முடியாது. அதனால் நாலு மணி அடித்ததும் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எல்லாருக்கும் மேலே பிரம்மசக்தியின் சத்தம் கேட்கும். வாயாடி. வடிவு சோதிக்க வருகிற நாளில், "டாக்டரம்மா, செத்தவிய வாயை விட எங்க வாய் நல்லாருக்கா?" என்று வம்பிழுப்பாள். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது.

மூன்று வருஷம் போயிற்று. பற்கள் தேய்ந்துகொண்டு வந்தன. மெல்லுகிற பிள்ளைகளுக்குத் தேயத்தானே செய்யும் என்று வடிவு எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு ஐப்பசி மாதச் சோதனையில் பிரம்மசக்தி வம்பு ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்தாள்.

"சாமையை மென்னுருதேன் டாக்டரம்மா. வீட்டுக்குப் போயி சோத்தை மெல்ல முடியல. காதுக்குக் கீழ குடையுது. நேத்து அப்பா கூப்பிட்டாவ, எந்தப் பக்கம் கூப்பிடுதாவன்னே தெரியல."

வடிவு எக்ஸ்ரே எடுத்தாள். படம் திரையில் வந்ததும், தவறிப்போய்ப் பழைய தாழிப் படத்தைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடினாள். திரும்பத் திறந்தாள். அதேதான் வந்தது. அம்மிக்கல் மாதிரித் தேய்ந்த கடைவாய், தாடையில் பொடிப்பொடியாகத் துவாரம், ஞானப்பல் இல்லாத ஈறு. கீழே பிரம்மசக்தியின் பெயரும் அன்றைய தேதியும் இருந்தன. ஞானப்பல் எங்கேயும் போகவில்லை. இன்னும் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்தது.

வடிவு மறுநாள் காலையிலேயே அகழாய்வுக் கிடங்குக்கு ஓடினாள். முப்பத்தொரு தாடையையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். முப்பத்தொன்றிலும் ஞானப்பல் உள்ளே இருந்தது. பாதிதான் வளர்ந்திருந்தது. விழுந்துவிட்டது என்று அவள் எழுதியது ஒன்றும் விழுந்திருக்கவில்லை. முளைக்கும் வரை அவர்கள் இருந்திருக்கவில்லை. பதினேழு, பதினெட்டு, மிஞ்சிப்போனால் இருபது. அறுபது வருஷத் தேய்மானம் என்று அவள் எண்ணியது மூன்று நாலு வருஷ வேலை. துவாரங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஈஸ்ட் தின்ற தடம். வாயில் குடிவைத்தது எலும்பில் இறங்கி, காதுக்குள் போய், கடைசியில் மூளைக்குப் போயிருக்கிறது. பல் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு யாரிடம் அந்தத் தாடையைக் கொடுத்திருந்தாலும் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள்.

குற்றாலநாதன் அறையில் வடிவு படங்களைப் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஓரம் மடங்காமல் அடுக்கி, திருப்பிக் கொடுத்தார்.

"கல்யாணம் ஆகாத பிள்ளைகள் வாயிலதான் பிடிக்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் யோசிச்சேன் மேடம், கிழவிகள் எப்படி மென்னாங்கன்னு. நீங்களும் யோசிச்சிருப்பீங்க. உங்க முகத்துல பாத்தேன்."

"அந்தப் பொண்ணு இன்னைக்கே நிறுத்தி மருந்து சாப்பிட்டா பிழைச்சிரும் சார். மத்தவங்களும்."

"நிறுத்தலாம். பதினோரு பேரும் நிறுத்தினா தோப்பி கிடையாது. தப்பா வயசு சொன்னது யாருன்னு விசாரணை வரும், அது உங்க பாடு. அதை விடுங்க. சார் எத்தனை வாரம் தாங்குவார்?"

அவள் படங்களைப் பைக்குள் வைத்தாள். கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுங்கள், காலியாகிற நாற்காலிக்கு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். காபி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

பிரம்மசக்தி வராந்தாவில் காத்திருந்தாள். வடிவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா? மாசியில கல்யாணம் பேசியிருக்காவ. அதோட நின்னுரலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் மெல்லலாம்லா?"

ஐப்பசிக்கும் மாசிக்கும் நடுவில் நாலு மாசம். அந்தத் தாடைக்கு நாலு மாசம் கிடையாது என்று வடிவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் சமயத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது சட்னியில் உப்பு இல்லை என்று சொன்ன முகம். பாவி, அவள் சொன்னாள்: "ஒண்ணுமில்ல. சுண்ணாம்புச் சத்துக் குறைச்சல். மாத்திரை தாரேன், சாப்பிடு."

"அப்பாடி" என்று பிரம்மசக்தி சிரித்துக்கொண்டே மெல்லுகூடத்துக்குத் திரும்பிப் போனாள்.

வடிவு படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தாள். எரித்திருக்க வேண்டும், மனசு வரவில்லை. பூதலிங்கம் வங்கிப் பாஸ் புத்தகத்தைத் தேடப்போய் அவற்றை எடுத்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் பீடிக்காரப் பெண்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பழகிய மனிதர். ஒரு படத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய தாழியின் எண் இருக்கிறது, பக்கத்துப் படத்தில் போன மாசத் தேதி இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்கிறது. அவருக்கு வேறு என்ன வேண்டும்? அவள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்கப் படங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

சாட்சிக் கூண்டில் ஏற்றாத குறைதான். எப்போது தெரியும், யாரிடம் சொன்னாய், அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எச்சில் என்பதையும் சொன்னாள். அதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. கால்சியம் மாத்திரை என்றபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் புத்தி எத்தனை பேர் தாடை, வடிவு?"

"பதினோரு பேர்."

"நான் இனிமே குடிக்க மாட்டேன். புத்தி இருக்கிறதுக்குள்ள மனு எழுதிருதேன். நீ சாட்சி சொல்லணும். சொல்லுவியா?"

சொல்லுகிறேன் என்று அவள் அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். இப்படிப்பட்ட மனுஷனுக்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே படங்களை வரிசைப்படுத்தினார்.

முதல் வாரம் மூன்று பக்கம் எழுதினார். மனு என்றால் மனு, ஒரு வரி பிசகில்லை. அந்த வாரக் கலயத்தைச் சாக்கடையில் ஊற்றினார். இரண்டாவது வாரம் நாலாவது பக்கம் பாதியில் நின்றது. பேனாவை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "நான் எழுதி முடிச்சுருதேன், நீ கலயத்தை ஊத்திரு" என்று அவளிடம் சொன்னார். அவள் அதை ஊற்றவில்லை, குளிர்பெட்டியில் பின்னால் தள்ளி வைத்தாள். அவளே எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அவரே முடித்துவிட்டால் நல்லது, அவர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்று அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவர் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலாவது வாரம் ஒவ்வொரு தாளிலும் "பெறுநர்" என்று மட்டும் எழுதி, யாருக்கு என்று தெரியாமல் வைத்துவிட்டார். அப்படி முப்பது நாற்பது தாள் சேர்ந்தது.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் காலை அவள் காபி கொண்டுபோனபோது பூதலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா. வீட்டுக்காரங்க வெளிய போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

வடிவு சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். கலயத்தை எடுத்து ஊற்றிக் கொடுத்தாள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொன்னவர், சொன்னது நினைவில்லாததால், சமர்த்தாகக் குடித்தார். நன்றி என்றும் சொன்னார்.

மார்கழியில் பிரம்மசக்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்தாள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூளைக்காய்ச்சல் என்று எழுதினார்கள். வடிவு பார்க்கப் போனாள், அதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். பிரம்மசக்தியின் அப்பா எழுந்து, நாற்காலியைத் துண்டால் துடைத்து அவளுக்குப் போட்டார். கடைசி வரை புள்ளைக்கு மாத்திரை குடுத்த மகராசி என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். உயிர் போன பிரம்மசக்தியின் வாய் திறந்திருந்தது. தாடை ஒருபக்கமாக இறங்கிப்போயிருந்தது. அதை மூடிக் கட்டத் துணி கேட்டார்கள். வடிவு தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தை பிறந்ததும் அந்த நாற்காலிக்குப் புதுப்பிள்ளை வந்தாள். பதினெட்டு முடிந்து பன்னிரண்டு நாள். வடிவு அவள் வாயைத் திறந்து பார்த்தாள். சோளக்கதிர் மாதிரி வரிசையான பல். "தகுதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த கலயம் தவறாமல் வந்தது.

வீட்டில்தான் ஒரு சிக்கல். தோப்பி ஏற ஏறப் பூதலிங்கம் தேட ஆரம்பித்தார். "வடிவு, நான் ஏதோ முக்கியமா எழுதிக்கிட்டு இருந்தேனே, அந்தத் தாளெல்லாம் எங்க?" என்று ஒருநாள். "ஒரு பொண்ணு பேரு. சாமி பேரு. சொல்லு பாப்போம்" என்று இன்னொரு நாள். அவர் முழுசாகத் திரும்பி வந்தால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். மனு எழுதுவார். அதோடு தோப்பி போகும், தோப்பி போனால் அவரும் போவார். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. திரும்பி வருகிறவர் அவள் முகத்தைப் பார்த்து, பிரம்மசக்தி எங்கே என்று கேட்பார்.

அவள் அளவெடுக்கத் தெரிந்தவள். தொழிலே அதுதான். முதலில் முக்கால் கலயம் கொடுத்துப் பார்த்தாள், தேடுவது நிற்கவில்லை. கால் கலயத்தில் அவளை யார் என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அரைக்கு ஒரு விரற்கடை கீழே சரியான அளவைக் கண்டுபிடித்தாள். அந்த அளவில் அவருக்கு வடிவைத் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். சட்னிக்கு உப்புக் கேட்கத் தெரியும். சொன்னால் விளங்கும், கோபம் வரும், இரக்கம் வரும். முந்தின நாள் நடந்தது மட்டும் ஞாபகம் இருக்காது. மிச்சத் தோப்பியை அவள் சாக்கடையில் ஊற்றினாள்.

பதினோரு பேரில் நாலு பேர் போய், நாலு புதுப்பிள்ளைகள் வந்துவிட்ட பிறகு ஒரு மத்தியானம், தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவு அவருக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவர், "என்னம்மா ஒரு மாதிரி இருக்க?" என்றார். அவள் சொன்னாள். தாழியிலிருந்து ஆரம்பித்து, எக்ஸ்ரே, மாத்திரை, கைக்குட்டை, அன்றைக்குப் போட்ட கையெழுத்து வரை, ஒன்றை விடாமல் சொன்னாள். புருஷனும் பொண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பூதலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ செஞ்சது பெரிய பாவம் வடிவு. ஆனா சொல்லிட்டல்லா, அது போதும். நான் இருக்கேன். நாளைக்குக் காலையிலேயே மனு எழுதிருவோம். நீ பயப்படாத."

"சரிங்க. நாளைக்கே எழுதிருவோம்."

அவர் மோரைக் குடித்தார். ஏதோ யோசனை வந்தவராக அவளைப் பார்த்தார்.

"இதை இதுக்கு முன்னால எங்கிட்ட எப்பவாவது சொன்னியா?"

"இல்லையே" என்றாள் வடிவு. "இப்பத்தான் மொத மொதல்ல சொல்லுதேன்."

அவள் அழுது தீர்த்த முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குத் தலை வாரிவிட்டாள். மனசு லேசாக இருந்தது. நேற்றும் இந்த நேரத்துக்கு அப்படித்தான் இருந்தது.